அண்ணனும் அம்புக்குறியும்

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் முரண்டு பிடித்தார்கள். ஒன்று, அனசேனி அத்தையின் மடிக்கணினி. இன்னொன்று, என் அண்ணன் மனாசே.

மடிக்கணினியாவது அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அண்ணன் ஒரு வருடமாகவே இப்படித்தான்.

பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் டோங்கா நாட்டில் அண்ணன், தங்கைக்குள் மரியாதை ரொம்ப அதிகம். வளர்ந்துவிட்டால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கமாட்டார்கள், கேலி பேசமாட்டார்கள். தங்கை உள்ளே வந்தால் அண்ணன் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவான். போன வருடம் மனாசேவுக்குப் பதினைந்து வயது ஆனது. அதற்கு முந்தின நாள்வரை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கடலுக்கு ஓடியவன் அவன். மறுநாள் நான் சமையலறைக்குள் நுழைந்ததும், பாதி கடித்த ரொட்டியோடு எழுந்து போய்விட்டான்.

"அதுக்குப் பேரு மரியாதை, வீகா," என்றார் அப்பா. "தங்கச்சின்னா பெரிய இடம்."

எனக்கு வயது பதினொன்று. எனக்கு எதற்குப் பெரிய இடம்? எனக்கு என் அண்ணன்தான் வேண்டும்.

சரி, மடிக்கணினிக்கு வருகிறேன்.

தலைநகரில் ஒரு இளையோர் பேண்டு ஆரம்பிக்கப் போகிறார்கள். எங்கள் வவாவூ தீவிலிருந்து ஒரே ஒரு ட்ரம்பெட் ஆள்தான் வேண்டுமாம். வாசிப்பதை வீடியோ எடுத்து, விண்ணப்பத்தோடு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். பதினொன்று அடித்தால் கதவு சாத்திவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை தன் மடிக்கணினியிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தார். மனாசே எங்கள் கறிப்பலா மரத்தடியில் நின்று வாசித்தான். பள்ளிக்கூடத்து ட்ரம்பெட்தான், ஓரத்தில் டேப் சுற்றியது. ஆனாலும் கோழிகூட நின்று கேட்டது. சனிக்கிழமை காலையில் அத்தை, "மிச்சத்தை எழுதி நீயே அனுப்பிடு, மனாசே. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்," என்று மடிக்கணினியை விட்டுவிட்டு, தலைநகருக்கு விமானம் ஏறிவிட்டார்.

மணி பத்து. நான் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி பெனி மூச்சிரைக்க ஓடி வந்தான். அவனுக்கு ஐந்து வயது.

"அக்கா, அண்ணன் உன்னைக் கூப்பிடவேணாம்னு சொன்னான்."

"அதைச் சொல்லவா ஓடி வந்தே?"

"ஆமா. ஆனா அழற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கான்."

நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் மனாசே எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. அவன் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

"அண்ணா! என்ன ஆச்சுன்னு சொல்லிட்டாவது போயேன்!"

ஜன்னலுக்கு வெளியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

திரையில் விண்ணப்பம் திறந்திருந்தது. அம்புக்குறி ஒரு மூலையில் கிடந்தது. விசைகளுக்குக் கீழே இருக்கும் சதுரமான டச்பேடில் விரலை வைத்துத் தேய்த்தேன். அம்புக்குறி அசையவில்லை. அழுத்தினேன். தட்டினேன். இரண்டு விரலால், மூன்று விரலால் தேய்த்தேன். ம்ஹூம்.

"பெனி, அண்ணன் என்னென்ன பண்ணிப் பார்த்தான்னு கேட்டுட்டு வா."

பெனி ஓடினான், வந்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணானாம். அப்புறம்..."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

மறுபடி ஓடினான். ஐந்தடி தூரத்தில் நிற்கிற அண்ணனிடம் பேச எனக்கு ஒரு தூதுவன்! அந்தத் தூதுவனுக்கோ வழியில் ஒரு பன்றிக்குட்டியைக் கண்டால் போதும், வந்த வேலை மறந்துவிடும்.

மூன்று தடவை ஓடிய பிறகு விஷயம் வந்து சேர்ந்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாகிவிட்டது. துணியால் துடைத்தாகிவிட்டது. விசைப்பலகையின் மேல்வரிசையில் டச்பேடை அணைக்கவும் போடவும் ஒரு விசை உண்டு, அதையும் அழுத்திப் பார்த்தாகிவிட்டது.

நான் விசைகளை மட்டும் வைத்து அனுப்ப முயன்றேன். ஒரு விசையைத் தட்டத் தட்டக் கட்டம் கட்டமாகத் தாவியது. பெயர், வயது, பள்ளி எல்லாம் தாண்டி வீடியோவை இணைக்கும் இடத்துக்கு வந்ததும் பிடிவாதமாக நின்றது. கோபத்தில் இன்னொரு விசையைத் தட்டினேன். எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்கே போய்விட்டது.

"ஐயோ!" என்று கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே முதுகு துள்ளியது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். நாளைய சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர். கையெல்லாம் தேங்காய்ப்பால்.

"தள்ளு, நான் பார்க்கறேன்."

"அப்பா, கையைத் துடைச்சுக்கோங்க!"

"துடைச்சுட்டேன்," என்றார், வேட்டியில் ஒரு தடவை தேய்த்துவிட்டு. பிறகு கட்டைவிரலை டச்பேடில் வைத்து, தேங்காய் உடைப்பவரைப் போல அழுத்தினார்.

"உடைஞ்சுடும்ப்பா! அத்தைக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அப்பாவின் முகம் மாறியது. அத்தை அவருக்கு அக்கா. அக்கா முன்னால் அப்பா குரலை உயர்த்தியதே இல்லை. "உங்க சாமான் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போன் போட்டார். அது அணைந்திருந்தது. விமானத்தில் இருப்பார். அப்பா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

"அக்கா சாமான், வீகா. எதையும் கழட்டிக்கிழட்டி வைக்காதே," என்று சொல்லிவிட்டுத் தேங்காய்க்கே திரும்பிப் போனார்.

மணி பத்து நாற்பது.

டச்பேடில் இப்போது தேங்காய்ப்பால் வேறு. அதை நன்றாகத் துடைத்தேன். காயவைத்தேன். என் விரலையும் கழுவி உலர்த்தினேன். தொட்டேன். அம்புக்குறி அதே மூலையில் அப்படியே கிடந்தது.

எனக்கு அழுகை வந்தது. இதற்காக ஒரு வருடமாக ராத்திரியும் பகலும் வாசித்தவன் அவன். பன்றிகளுக்குத் தீனி வைக்கும்போதுகூட விரல்கள் காற்றில் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருக்கும். இந்த உள்ளங்கை அகலச் சதுரத்தால் அத்தனையும் போகப் போகிறது.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். "அண்ணா, உள்ளே வா! ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்!"

முதுகு அசையவில்லை.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான்.

பெனி என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அண்ணனோட வாய் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகலடா!" என்று எரிந்து விழுந்தேன். "நல்லாத்தான் இருக்கு. நான் இங்க இருக்கேன்ல, அதான் பேசமாட்டான். நான் வெளிய போகட்டும், பாரு, கிளி மாதிரி கத்துவான்!"

சொல்லி முடித்ததும் எனக்கே ஏதோ உறைத்தது.

கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. வேறு யாரோ இருப்பதால் பேசாமல் இருக்கிறது.

நான் டச்பேடைப் பார்த்தேன். நீயும் அப்படித்தானா? உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மடிக்கணினியைத் தூக்கி நான்கு பக்கமும் பார்த்தேன். வலது பக்கம் சார்ஜர் கம்பி. இடது பக்கம் மூன்று ஓட்டைகள். இரண்டு காலி. மூன்றாவதில் கருப்பாக, நகத்தளவில் ஒரு குட்டித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இருப்பதே தெரியாமல் இருந்தது.

அத்தை டச்பேடைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கம்பியில்லாத ஒரு சிவப்பு மவுஸைத்தான் பக்கத்தில் வைத்து உருட்டுவார். மவுஸ் அத்தையின் கைப்பையோடு போய்விட்டது. அது கணினியோடு பேச உதவும் இந்தத் துண்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது!

'மவுஸ் வீட்டில்தான் இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு டச்பேடு மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது.

"பெனி, இதைக் கழட்டலாமா?"

"அப்பா திட்டுவார்."

"திட்டுவார்தான்."

மணி பத்து நாற்பத்தொன்பது. அத்தையின் சாமான். கழட்டி ஏதாவது ஆகிவிட்டால் அப்பா அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பார்? ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்த முதுகு இன்னும் கொஞ்சம் கூனியிருந்தது. நான் நகத்தால் நெம்பித் துண்டை வெளியே இழுத்தேன்.

விரலை டச்பேடில் வைத்தேன்.

அம்புக்குறி மூலையிலிருந்து கிளம்பி, திரை முழுக்க ஓடியது.

"ஓடுது! அண்ணா, ஓடுது! வா!"

பெயரையும் வயதையும் பள்ளியையும் மறுபடி அடித்தேன். வீடியோவை இணைத்தேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'இந்த பேண்டில் சேர நீ ஏன் விரும்புகிறாய்?' அதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

மனாசே பின்கதவுக்கு வந்துவிட்டான். ஒரு காலை உள்ளே வைத்தான். என்னைப் பார்த்தான். நின்றுவிட்டான். காது சிவந்தது. கண் மட்டும் திரையைப் பார்த்து ஏங்கியது.

இன்னும் ஒன்பது நிமிடம். எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருப்பேன். 'மரியாதையை அப்புறம் காட்டு, முதல்ல எழுது!' என்று கத்த வாயையும் திறந்தேன்.

அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். குட்டித் துண்டு அங்கே இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். துண்டைப் பாவாடைப் பையில் போட்டேன். முன்கதவு வழியாக நான் வெளியே போனேன்.

வேலிவரைக்கும் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் திரும்பிப் பார்க்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இதை அவன் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறான்.

உள்ளே 'டக் டக்' என்று விசைகளின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பிறகு, "போயிடுச்சு! பெனி, போயிடுச்சுடா!" என்று ஒரு கத்தல். கிளியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. மரத்திலிருந்த நிஜக் கிளிகள் பறந்துவிட்டன. அப்பா தேங்காயும் கையுமாக ஓடி வந்தார். மணி பத்து ஐம்பத்தெட்டு.

மதியம் அப்பாவின் போன் அடித்தது. அத்தை. அப்பா போனை என் கையில் திணித்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"வீகா, என் சிவப்பு மவுஸ் செத்துப்போச்சுடி!" என்றார் அத்தை. எரிச்சல் போன் வழியாகவே வழிந்தது. "இங்க வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கறேன், அசையவே மாட்டேங்குது. பேட்டரி மாத்திட்டேன். ஊதிட்டேன். மேஜையில தட்டிக்கூடப் பார்த்துட்டேன்!"

"அதைத் தட்டாதீங்க அத்தை. அது கெடல. அதோட துண்டு என் பாவாடைப் பையில இருக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அத்தை சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

நான் மறுபடி இஸ்திரி போட உட்கார்ந்தேன். பெனி ஓடி வந்தான்.

"அக்கா, அண்ணன் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்ன?"

பெனி மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "மறந்துட்டேன்."

"போடா!"

அப்போது ஜன்னலுக்கு வெளியே ட்ரம்பெட் சத்தம் எழுந்தது. பேண்டுக்காகப் பழகிய பாட்டு இல்லை. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடலுக்கு ஓடும்போது அவன் பாடுவானே, அந்தப் பாட்டு. நான் எட்டிப் பார்த்தேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். ஆனால் ட்ரம்பெட்டின் வாயை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான்.

பாட்டு முடியும்வரை நான் சட்டையை மடிக்கவில்லை.

"பெனி, ஓடிப்போய் அண்ணன்கிட்ட சொல்லு. எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லு."

வழியில் பன்றிக்குட்டி நின்றது. ஆனாலும் பெனி அதை மட்டும் மறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தான்.