மண்ணுக்குள் ஒரு கோடு

இளைய ஆய்வாளர் காந்தம் ஊருக்குக் கிளம்பி முப்பத்தொரு மணி நேரம் ஆகிறது என்று மூத்த ஆய்வாளர் பேராசிரியரிடம் சொல்லியிருந்தாள். அதை அவர் நம்பினார். திரையில் தெரிந்த கோட்டைத்தான் நம்பவில்லை.

அறுவடை முடிந்த வயலுக்கடியில் பழைய சுவர்களைத் தேடி, இரண்டு பெண்களும் மூன்று வாரமாகக் காந்தமானியைச் சுமந்து நடந்தார்கள். தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதை அந்தக் கருவி காட்டிவிடும். கிளறிய மண் படத்தில் கறுப்பாக விழும். நடப்பவர் உடம்பில் குண்டூசி அளவு இரும்பு இருந்தாலும் படம் கெட்டுவிடும். இளையவளுக்கு மட்டும் ஒருநாளும் கெட்டதில்லை. சேர்ந்த மூன்றாம் நாளே அவள் ஒரு சூளையைக் கண்டுபிடித்தாள். அன்றே பேராசிரியர் அவளுக்குக் காந்தம் என்று பெயர் வைத்தார். ஏழு வருடமாக அவரிடம் கருவி சுமந்து நடந்த மூத்தவளுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை.

காலையில் எடுத்த படத்தில், வயல் கோடியில் மண் சரிந்து மூடிக் கிடந்த சோதனைக் குழியிலிருந்து மூன்று மீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு கிளம்பியிருந்தது. மதியம் மூத்தவள் மறுபடி நடந்தாள். கோடு இப்போது பதினொரு மீட்டர்.

“பின்னு கின்னு மாட்டியிருக்கியாம்மா?”

“இல்ல சார். எல்லாத்தையும் கழட்டிட்டேன்.”

“காந்தம் நடந்தா இப்படிக் குளறாது. விடு, அவ வந்ததும் பார்த்துக்கலாம்.”

இப்போதுமா? இல்லாமல் போயும் அவள்தானா? மூத்தவள் விடுவிடுவென்று கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். வெயில் சாய்ந்த வயலில் ஈர மண்ணின் வாடை, காலடியில் காய்ந்த நெல் தாள்கள் நொறுங்கும் சத்தம், அவள் நின்ற பிறகும் அடியில் எங்கோ ஒரு கணம் நீண்ட அதே நொறுங்கல், எல்லாவற்றுக்கும் நடுவே கருவியின் சீரான முனகல்.

மூன்றாவது படம் திரையில் விரிந்தது. கோடு வரப்பைத் தாண்டி, அவளும் பேராசிரியரும் உட்கார்ந்திருந்த பண்ணை வீட்டின் சுவரில் முட்டி நின்றது.

பேராசிரியர் சிரித்தார். “பெருச்சாளிதான். நேரா நம்ம வீட்டுக்கே வழி பண்ணிக்கிட்டு வருது பாரு.”

மூலையில் அணைத்துச் சாத்தியிருந்த கருவி முனகத் தொடங்கியது.

ஈர மண் வாடை. அறைக்குள்.

அவள் நாற்காலிக்கடியில் ஒரு தரைக்கல் மெல்ல எழும்பியது. தணிந்தது. மறுபடி எழும்பியது. விளிம்பில் நான்கு விரல்கள்.

“பெருச்சாளி இல்ல சார்,” என்றாள். “அவ ஊருக்குப் போகல. குழி சரிஞ்சப்போ உள்ளதான் இருந்தா. அக்கா, அக்கான்னு கூப்பிட்டா. மிச்ச மண்ணையும் தள்ளி மூடினது நான்தான்.”