நாலு படமும் அதேதானா?

போன் அலறியது.

"எடு தங்கச்சி... ஸ்பீக்கர்ல போடு," என்றார் இன்ஸ்பெக்டர். பாதுகாப்புக்கு என்று அவளையும் மகளையும் தன் வீட்டிலேயே தங்க வைத்தவர்.

திரையில் புருஷன் பெயர்.

தன் முதலாளி ஒரு ஆளைக் கழுத்தை நெரித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவன். நேற்று, ஒளிந்திருந்த லாட்ஜின் பெயரைப் போனில் அவளிடம் மட்டும் சொன்னான். சற்று நேரத்தில் வாசலில் கத்தியோடு ஆட்கள்... பாத்ரூம் ஜன்னல் வழியே தப்பினான்.

யார் ஒட்டுக் கேட்டது?

புருஷன் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். போன் பேச்சு எப்படிப் பூட்டப்படுகிறது என்று, சாப்பாடு ஆறிப் போவது தெரியாமல் அவளிடம் விளக்கியிருக்கிறான்.

"ரெண்டு போனும் ஆளுக்கொரு ரகசிய நம்பரை உருவாக்கும். அதை வெளிய விடாது. அதை வச்சுக் கணக்குப் போட்டு, வர்ற விடையை மட்டும் அனுப்பும். வந்த விடையோட தன் ரகசியத்தைச் சேர்த்தா, ரெண்டு பக்கமும் ஒரே சாவி. பேசி முடிச்சா சாவியும் காலி."

"அப்போ யாராலயும் கேக்க முடியாதா?"

"நடுவுல ஒருத்தன் புகுந்தா முடியும். உன்கூட ஒரு சாவி, என்கூட வேற சாவி போட்டுக்குவான். அதுக்குத்தான் சாவியிலேர்ந்து நாலு படம் வருது. ரெண்டு போன்லயும் ஒண்ணான்னு ஒத்துப் பாக்கணும்."

நேற்று அவன் கேட்டபோது எரிந்து விழுந்தாள். "உயிர் போற நேரத்துல படம் பாக்கணுமாக்கும்?"

இன்று எடுத்தாள்.

"என்னங்க..."

"முதல்ல படத்தைப் பாரு. எனக்கு யானை, குடை, மீன், மணி."

அவள் திரையில் நாய். ரயில். கத்தரிக்கோல். நிலா.

நிமிர்ந்தாள். சுவரில் வைஃபை பெட்டி கண் சிமிட்டியது.

இன்ஸ்பெக்டர் வீட்டு வைஃபை.

அவரும் கண் சிமிட்டினார். துப்பாக்கி மேசைக்கு வந்தது. அதன் வாய், மகள் தூங்கும் அறையைப் பார்த்தது. அவர் உதடு மட்டும் அசைந்தது.

'அதேதான்னு சொல்லு.'

கத்தினால் மகள். கத்தாவிட்டால் புருஷன்.

"அதே... அதே நாலுதாங்க."



"சரி. பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள்ள இருக்கேன்."

"சமத்து," என்றார் இன்ஸ்பெக்டர். போனைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டுப் போனார்.

கதவை உதைத்தாள். கை வலிக்கத் தட்டினாள். மகளைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்தாள். தாலி கட்டியவனைத் தன் வாயாலேயே காட்டிக் கொடுத்தாயிற்று...

வெகு நேரம் கழித்துப் பூட்டு உடைந்தது.

வாசலில் புருஷன். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி.

"முதலாளியோட அடியாளுங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தாரு அந்த இன்ஸ்பெக்டர்," என்றாள் அதிகாரி. "ஐஸ் ஃபேக்டரியில எங்க ஆளுங்கதான் இருந்தாங்க. உங்க வீட்டுக்காரர் என் எதிர்ல உக்காந்துதான் போன் பண்ணாரு."

"நான்தான் அதேன்னு சொன்னேனே... எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நான் சொன்ன நாலும் என் போன்லயே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும் அதேன்னு நீ சொன்னா, யாரோ மிரட்டிச் சொல்ல வைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்." மூக்கைச் சொறிந்தான். "அதுவும் போக, கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்ன எதையாவது நீ உடனே ஒத்துக்கிட்டிருக்கியா?"