நகத்தில் ஒரு பல்

பந்து பட்டு முன்பல் பாதி உடைந்த நாளிலிருந்து சுமன் சிரிப்பதே இல்லை. சிரிப்பு வந்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் "அரைப்பல்லு" என்று கூப்பிட்டால் பிறகு என்ன செய்வான், பாவம்!

இன்று அம்மா அவனையும் அக்கா ஷாமிளாவையும் மாவனல்லைக்கு, பல் வைத்தியர் ஸுபைதாவிடம் கூட்டி வந்திருந்தார்.

"பயப்படாதீங்க மகன். இந்த வெள்ளைப் பசைய வச்சா பல்லு முழுசாகிடும்" என்றார் டொக்டர்.

ஷாமிளாவுக்கு வாய் சும்மா இருக்குமா? தம்பியின் காதில் கிசுகிசுத்தாள்.

"பசை எப்படிடா பல்லு மாதிரி கெட்டியாகும்? அப்பா அசிட் ஊத்துனாத்தானே ரப்பர் பால் உறையுது. இங்கயும் அசிட் ஊத்துவாங்க போல!"

அவ்வளவுதான். சுமன் வாயை இறுக மூடிக்கொண்டான். அம்மா கெஞ்சினார், அதட்டினார். ம்ஹும்!

"வாயத் தொறக்காட்டி எனக்கு ஒண்டும் செய்ய ஏலாதே" என்றார் டொக்டர்.

தம்பியின் கண்ணில் நீர் முட்டியது. ஷாமிளாவுக்கு மனசு கேட்கவில்லை. அரைப்பல்லோடேயே அவன் வீட்டுக்குத் திரும்புவதா?

"டொக்டர், அசிட் ஊத்துவீங்கன்னு நான்தான் சொல்லிட்டேங்க. நெஜமா அது எப்படிங்க உறையும்?"

டொக்டர் சிரித்துவிட்டார். "இந்தப் பசை உறைய வெளிச்சம் போதும் மகள். நீல வெளிச்சம்."

"வெளிச்சமா? அப்போ மொதல்ல என் நகத்துல வச்சுக் காட்டுங்க!"

டொக்டர் கடுகளவு பசையை அவள் நகத்தில் வைத்தார். "இதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத துகள் நிறைய இருக்கு. நீல வெளிச்சம் பட்டதும் பசை அதுகள இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும். நேரா பார்க்க வேணாம், கண் கூசும்."

பேனா போன்ற கருவியின் நுனியில் நீல வெளிச்சம் பளிச்சிட்டு அணைந்தது.

சுமன் மெல்ல எட்டி, அக்காவின் நகத்திலிருந்த பசையைத் தட்டிப் பார்த்தான். டொக், டொக்!

"சுட்டுச்சா அக்கா?"

"இல்லடா. சும்மா லைட்டுதான்."

சுமன் தானாகவே நாற்காலியில் சாய்ந்து 'ஆ' என்று வாயைத் திறந்தான்.

மாலையில், ரப்பர் பால் உறைய வைக்கும் ஸ்டோருக்குள் வந்த அப்பா திகைத்து நின்றார். ஷாமிளா டோர்ச்சின் முகத்தில் டொபி மிட்டாய் சுற்றிவந்த நீலத் தாளைக் கட்டி, பால் தட்டின் மேல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுற?"

"தேடலப்பா. உறையுதான்னு பாக்குறேன்."

பால் உறையவில்லை. பக்கத்தில் நின்ற சுமன்தான் விழுந்து விழுந்து சிரித்தான், வாயைப் பொத்தாமலே.