படிக்கட்டில் வந்தவள்

வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. இடது வார் அறுந்து, பச்சை நூலால் அவளே தைத்த செருப்பு. குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதே பச்சை நூல், அதே கோணல் தையல்.

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மாலை வெளிச்சம் நடையின் கோடியிலிருந்த ஜன்னல் வழியாக வந்து, வெளுத்துப்போன துணி மாதிரி தரையில் நீண்டு கிடந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. யார் வீட்டிலோ வெங்காயம் வதங்குகிற வாசனை. அது தன் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது என்று உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கதவின் மேலிருந்த கேமராவுக்கு முகத்தைக் காட்டினாள். திறக்கவில்லை. ‘நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்’ என்றது சின்னத் திரை.

பள்ளி விட்டதும் மகள் இருப்பது எதிர் வீட்டில். அங்கே போய் மணியை அழுத்தினாள். அந்த வீட்டு அக்கா கையில் கரண்டியோடு வந்தாள்.

“பாப்பாவ அனுப்புங்கக்கா.”

“இப்பதானே கூட்டிட்டுப் போன? இன்னொன்னு செஞ்சு வச்சிருக்கேன்னு நினைச்சியா?” அக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். “முகமே சரியில்ல. போய்ப் படு கொஞ்ச நேரம்.”

கதவு மூடிக்கொண்டது. இந்தப் பக்கம், தன் வீட்டுக்குள், மகள் சிரிப்பது கேட்டது. அதன் பின்னால் இன்னொரு குரல்.

“முதல்ல ஷூவ கழட்டுடா தங்கமே. ஆட்டமெல்லாம் அப்புறம்.”

போனில் பதிவாகித் திரும்பக் கேட்கும்போது மட்டும் தெரியவருகிற குரல் அது. கொஞ்சம் மெலிந்த, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிற குரல்.

இந்தக் கட்டடத்தின் கதவுகளை நடத்தும் நிரலை எழுதியவள் அவள்தான். அதன் விதி எளிமையானது. குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் கட்டடத்தின் நினைவில் ஒரே ஒரு உரு. ஒரு முகத்தைப் பார்த்ததும் கதவு கேட்கும்: இவர் இருக்கிறாரா? இல்லையென்றால் உருவாக்கு. இருந்தால் இருப்பவரையே கொடு. தொழிலில் இதற்கு சிங்கிள்டன் என்று பெயர். எதற்கெடுத்தாலும் அதையே எழுதுவதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒண்டி’ என்று பெயர்.

ஒரு கதவு கேட்டு, உருவாக்கி முடிக்கும்வரை மற்றக் கதவுகளை நிறுத்திவைக்க ஒரு பூட்டு வேண்டும். இல்லையென்றால் இரண்டு கதவுகள் ஒரே கணத்தில் கேட்கும்; இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும்; இரண்டுமே உருவாக்கிவிடும். அந்தப் பூட்டைத்தான் அவள் தள்ளிப்போட்டிருந்தாள். ஒரே ஆள் எப்படி இரண்டு கதவுகளுக்கு முன்னால் நிற்க முடியும்?

நினைவில் உருவாவது வெறும் உரு, ஆள் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளே வாணலியைக் கிளறும் சத்தம் கேட்டது.

அலுவலகத்தில் நிரல்களைச் சோதிக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“சொல்லு ஒண்டி.”

“அண்ணா, எங்க பில்டிங் சிஸ்டத்துல என்னத் தேடுங்க. எத்தன இருக்கேன்?”

விசைகள் தட்டும் ஒலி. மெல்லுவது நின்றது.

“ரெண்டு இருக்க. மத்தியானம் சர்வர் விழுந்து எழுந்ததுல பழைய உருவெல்லாம் அழிஞ்சுச்சுல்ல, அதுக்கப்புறம் ஆகியிருக்கு. பூட்டு போடலயா நீ?”

“அடுத்த வாரம் போடலாம்னு…”

“நல்லா போட்ட போ. நானே போட்டு அனுப்பிடறேன். முதல்ல வந்தது நிக்கும், மத்தது தானா போயிடும்.”

“சீக்கிரம்ணா. பாப்பா உள்ள தனியா இருக்கா. அதுகூட.”

“எதுகூட?”

சற்று முன் உள்ளே நுழைந்த கீழ்த்தளம் அவள் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே லிஃப்டும் படிக்கட்டுக் கதவும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்கும் மேலே கேமரா. இரண்டுக்கும் நடுவே தயங்கி நின்றாள். கால் லிஃப்டை நோக்கி நகர்ந்தது. பிறகு, உட்கார்ந்தே கிடக்கிற உடம்பு கொஞ்சம் அசையட்டும் என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். திரும்பும்போது தோளில் ஒரு சின்ன இழுப்பு. ஈரத்துணி சுவரிலிருந்து உரிந்து வருவதுபோல. பின்னால் லிஃப்ட் மூடிக்கொண்டு மேலே போனது.

“அண்ணா. எந்தக் கதவு முதல்ல கேட்டுச்சு?”

“லிஃப்ட். படிக்கட்டு ஒரு மயிரிழை பின்னாடி.”

“அனுப்பாதீங்க.”

“நீதானே இப்ப அவசரப்பட்ட? இரு, இன்னொரு கால் வருது.” யாரென்று பார்த்துவிட்டு வந்தார். “ஒண்டி… நீதான் கூப்பிடற.”

அவர் அந்த அழைப்புக்கு மாறினார். கதவுக்குப் பின்னால், வெகு அருகில், அவளுடைய குரல் பேசியது. குழந்தைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தணித்த, நடுங்கும் குரல்.

“அண்ணா, வாசல்ல ஒன்னு நிக்குது. என்ன மாதிரியே. பாப்பா இருக்காண்ணா. சீக்கிரம் அந்தப் பூட்டப் போடுங்க.”

அந்தக் குரலில் பொய் இல்லை. அவளைப் போலவே பயந்திருந்தது.

கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும். மரம் உள்ளங்கையில் வலித்தது.

“தேங்க்ஸ்ணா,” என்றது உள்ளேயிருந்த குரல்.

மறுபடி ஓங்கினாள். தட்டிய சத்தம் இல்லை. வலியும் இல்லை.

“யாரும்மா வெளிய?”

“யாரும் இல்லடா.”

“நான் பாக்கறேன்.”

“வேணாம், நில்லு.”

ஆனால் கதவு திறந்துவிட்டது. மகள். கலைந்த பின்னல். ஒரு காலில் மட்டும் ஷூ.

கூப்பிட்டாள். வாய் அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

மகள் வெளியே வந்தாள். நேராக. நிற்காமல். அவள் கைகளை விரித்தாள். குழந்தை அந்தக் கைகளைத் தாண்டி வந்தது. இன்னும் உள்ளே வந்தது. அவள் வயிறு இருந்த இடத்தில் அந்தச் சின்னத் தலை வந்து நின்றது. நடையின் இந்தக் கோடியைப் பார்த்தது. அந்தக் கோடியைப் பார்த்தது.

“யாருமே இல்லம்மா. ஆனா இங்க குளிருது.”

வாசற்படியில் அவளுடைய முகம். கண் கலங்கிய, கருணையான முகம். அது குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்குச் சற்று மேலே, இவள் கண்கள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கையை நீட்டியது.

“உள்ள வந்துடு தங்கமே. அதுக்குள்ள நிக்காத.”