ஹீட்டரைக் கூட்டினால் அடங்குகிறது

சாவியை உருவி எடுத்த பிறகும் ஸ்டீயரிங் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டுர்லா இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பார்த்தான். இன்ஜின் ஓடவில்லை, காற்றும் இல்லை, வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. ஆனாலும் விரல் நுனியில் விட்டுவிட்டு ஓர் அதிர்வு. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. "என்ன எழவுடா இது" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனான்.

முப்பத்தெட்டு அங்குலச் சக்கரம் மாட்டினால் ஜீப் ஆடத்தான் செய்யும். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் அதெல்லாம் ஜலதோஷம் மாதிரி, வராத வண்டி கிடையாது. ஆனால் ஸ்டுர்லா பந்தா காட்டுவதற்காக அந்தச் சக்கரங்களை வாங்கவில்லை. மனைவி ஹெர்தீஸுக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். போன குளிர்காலத்தில் மலைப்பாதையைப் பனி மூடி, ஊரே அடைந்து கிடந்தது. வலி எடுக்கும் நேரத்தில் அப்படி ஆகிவிட்டால் என்ற பயத்தில்தான், நல்ல வண்டியின் மட்கார்டை அறுத்து அந்த ராட்சச டயர்களை உள்ளே திணித்தான்.

மாட்டிய அன்றே மலைமேல் ஓட்டிப் பார்த்தான். காற்றை நன்றாக இறக்கிவிட்டால் டயர் பரந்து படுத்து, பனியில் புதையாமல் மேலேயே ஊர்ந்து போகும். சந்தோஷத்தில் பாதையை விட்டு வெகுதூரம் விலகி, பழைய சக்கரத்தில் எவனும் போயிருக்க முடியாத ஒரு பள்ளத்துக்குப் போய்விட்டான். அங்கே கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஒன்றுக்குப் போனான். காற்றில்லை, பனியும் பெய்யவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்துச் சீட்டில் பனி கிடந்தது, தட்டிவிட்டான். பாதைக்கு வந்து, காற்றை நிரப்பி, அறுபதில் இறங்கும்போதுதான் ஸ்டீயரிங் முதன்முதலாக ஆடியது.

மெக்கானிக் ப்யார்த்மர் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். ரிம்முக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும் என்று சுத்தியலால் தட்டி உதிர்த்தான். ஆடியது. காற்றில்லாமல் ஓட்டியதில் ரிம்மிலிருந்து டயர் வழுக்கியிருக்கும் என்று மறுபடி வீல் பேலன்ஸ் செய்தான். ஆடியது. டை ராட், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் டேம்பர் என்று முன்பக்கப் பாகங்கள் எல்லாம் புதிதாக ஏறின. கடைசியில் ஸ்டுர்லா வெறுத்துப்போய், நான்கு பெரிய சக்கரத்தையும் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டி ஓட்டினான். அப்போதும் ஆடியது.

"டேய், அப்ப சக்கரத்துல கோளாறு இல்லடா," என்றான் ப்யார்த்மர்.

"பெரிய கண்டுபிடிப்பு! வேற எதுலடா?"

"ஓட்டறவன்கிட்டதான். அப்பனாகப் போறோம்னு ஐயாவுக்குக் கை நடுங்குது."

ஸ்டுர்லா கையிலிருந்த ஸ்பானரை மூலையில் விட்டெறிந்தான். பெரிய சக்கரங்களைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டியபடி வீட்டுக்கு ஓட்டிப் போனான்.

அடங்கியது தற்செயலாகத்தான். ஒரு காலை குளிர் தாங்காமல் ஹீட்டரை முழுசாகத் திருகினான், சற்று நேரத்தில் ஸ்டீயரிங் சாதுவாகிவிட்டது. ஜன்னலை இறக்கினான், ஆடியது. ஏற்றினான், அடங்கியது.

"குளிர்ல டயர் சப்பையாயிருக்கும். சூடானா உருண்டையாயிடும்டா," என்றான் ப்யார்த்மர் போனில்.

"ஹீட்டர் என் மூஞ்சியிலதானே அடிக்குது, டயர்லயா அடிக்குது?"

"அப்ப ஹீட்டரப் போட்டே ஓட்டித் தொலை," என்று போனை வைத்துவிட்டான் ப்யார்த்மர்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போய்த் தங்கிவிடுவது அவர்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். மறுநாள் புயல் என்று ரேடியோ சொன்னதால் அவசரமாகக் கிளம்பினார்கள். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மலையேறும்போது ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது.

"புள்ளைய விட இந்த வண்டிக்குத்தான் அதிகமா செக்கப் பண்ணியிருக்க," என்றாள் ஹெர்தீஸ்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா வா."

ஹீட்டரை முழுசாகத் திருகினான். சூடான தூசியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை கிளம்பி மூக்கை அடைத்தது, வைப்பர் இழுத்து இழுத்துக் கண்ணாடியில் முனகியது, வெளிச்சத்துக்குள் பனித்தூள் குறுக்கே பாய்ந்து பாய்ந்து ஓட, பாதையோரத்து மஞ்சள் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து மறைந்துகொண்டிருந்தன. அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. ஆட்டம் மட்டும் அடங்கவில்லை.

"ஹீட்டர் போட்டிருக்கியா இல்லையா?" ஹெர்தீஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்குக் காலெல்லாம் சில்லுன்னு இருக்கு."

"போட்டுத்தான் இருக்கேன். இதுக்கு மேல திருக இடமில்ல."

அவளுடைய பற்கள் தந்தியடித்தன. கொஞ்சம் நின்றன. மறுபடி அடித்தன. ஸ்டீயரிங்கும் அப்படியே ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. அவன் வேகத்தை நாற்பதாகக் குறைத்தான், இருபதாகக் குறைத்தான், ஆட்டம் அதே ஆட்டம். சக்கரத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இது இயந்திரத்தின் ஆட்டம் இல்லை. பள்ளத்தில் கதவைத் திறந்துபோட்ட அன்று ஏறிக்கொண்ட ஏதோ ஒன்று குளிரில் வெடவெடக்கிறது.

வண்டியைத் திருப்ப வழியில்லை. பின்னால் பாதை தெரியவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

ஸ்டீயரிங் அசையவில்லை. பற்களின் சத்தமும் இல்லை.

"பாத்தியா," என்றாள் அவள் நிதானமாக. "சரியாயிடுச்சு."

ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது. ஊரில் பாதிப் பேரைப் போல அவனும் மீட்புக்குழுவில் இருப்பவன். பனியில் கிடப்பவர்களைத் தூக்கியிருக்கிறான். உடம்பு நடுங்குகிறவரை பயமில்லை. நடுக்கம் நின்றால்தான் பயம். நின்ற பிறகு அவர்களுக்கு உடம்பெல்லாம் எரிகிற மாதிரி இருக்கும்.

"ஹெர்தீஸ். என்னோட பேசிக்கிட்டே வா."

"வேகுதுடா."

சால்வை கீழே விழுந்தது. கோட்டின் ஜிப் இறங்கும் சத்தம். பூட்ஸ். ஸ்வெட்டர்.

"போட்டுக்க. கழட்டாத. சொன்னாக் கேளு!"

ஒரு கையால் அவள் கையைப் பிடித்தான். பனியில் கிடந்த இரும்பு. தன்னையறியாமல் விட்டுவிட்டான். இன்னொரு கையின் கீழே ஸ்டீயரிங் வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் ஆளின் உள்ளங்கைச் சூடு.

"ஏறும்போதெல்லாம் உள்ள நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, பாவம்," என்றாள் அவள், வயிற்றைத் தடவியபடி. "இப்பதான் அதுவும் அடங்குச்சு."

ஸ்டுர்லா திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. ஹீட்டர் அவள்மீது முழு வேகத்தில் சூட்டை ஊதியது. அந்தச் சூட்டிலேயே, துணி விலகிய வயிற்றின்மேல், தொப்புளிலிருந்து ஆரம்பித்து, மெல்ல மெல்ல வெண்பனி படர்ந்துகொண்டிருந்தது.