ஈட்டிமொட்டையில் காணாமல் போன செம்பு

"பையத் திறங்க! உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் மலை ஏறணும்."

இடுப்பில் கை வைத்து நின்றாள் வயர்லெஸ் இன்ஜினியர் முத்துப்பேச்சி. காட்டுக் காவலர் மல்லன் தன் துணிப்பையைக் கவிழ்த்தார். தீப்பெட்டி, பழைய சட்டை, அவித்த கிழங்கு. அவ்வளவுதான்.

"கிழங்குக்குள்ள செம்ப ஒளிச்சு வச்சிருக்கேன். பிச்சுப் பாக்கியா தாயி?"

பேச்சி சிரிக்கவில்லை. ஈட்டிமொட்டை மலையுச்சியில் இருந்த வயர்லெஸ் செட் இரண்டு முறை இடி விழுந்து கருகிவிட்டது. இரண்டு முறையும், ஆன்டெனா கோபுரத்திலிருந்து மின்னலை மண்ணுக்குள் இறக்கும் செம்புப் பட்டையையும், அடியில் புதைத்த செம்புத் தகட்டையும் காணோம். "அந்தக் காட்டுல நடமாடுறவன் மல்லன் ஒருத்தன்தான். செம்பு கிடைக்கலைன்னா இன்னைக்கே போலீஸ்ல ஒப்படைச்சிருவேன்" என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார்.

தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் பேச்சி. மூன்றாவது செட் இப்போது அவள் முதுகில். இதுவும் கருகினால் அவள் வேலையும் கருகிவிடும். அவள் யாரைத்தான் நம்புவாள்!

ஆனாலும் ஜெபசிங் தோளில் கனத்த சாக்கை அவள் திறக்கச் சொல்லவில்லை. அவன் பேண்ட் போட்ட டெக்னீஷியன். உச்சியில் குழி வெட்டித் தகடு புதைத்தவனும் அவனே.

ஆற்றைக் கடந்து, அட்டைக்கடியில் காலை உதறிக்கொண்டு ஏறினார்கள். வழுக்குப்பாறையில் ஜெபசிங் தடுமாறினான். மல்லன் சாக்கைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாதேயும்!" என்று ஜெபசிங் அலறினான்.

பேச்சிக்குச் சுருக்கென்றது. இவன் ஏன் இப்படிப் பதறுகிறான்?

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மேற்கே கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. கோபுரத்தின் அடியில் குழி பிளந்து கிடந்தது. கரித்தூள் சுற்றிலும் சிதறியிருந்தது. பேச்சி மண்டியிட்டாள். கோபுரத்தில் மிச்சம் தொங்கிய பட்டையின் நுனி முறுக்கிப் பிய்ந்திருந்தது.

"திருடன்னா ரம்பம் போட்டுல்லா அறுப்பான்? கைக்கு எட்டுற பட்டைய விட்டுட்டு மண்ணுக்குள்ள இருக்கறத எவன் தோண்டுவான்? ஜெபசிங், அந்தச் சாக்கத் திறங்க. இப்பவே!"

"அது என் கைப்பக்குவம்..."

பேச்சி சாக்கின் வாயைக் கிழித்தாள். கொட்டியது உப்பு. கல்லுப்பு!

"உப்பும் கரியும் போட்டா குழி ஈரமா இருக்கும், மின்னல் சட்டுனு மண்ணுல இறங்கிரும்" என்று இழுத்தான் ஜெபசிங். "எல்லாரும் போடுறதுதான். செட் கருகக் கருக நான் கூடக் கூடப் போட்டேன்."

மல்லன் குழியோரத்தைக் காட்டினார். சோற்றுப்பானை அகலத்துக்கு வட்ட வட்டமாகத் தடங்கள்! அங்கிருந்து புல்லைச் சாய்த்துக்கொண்டு ஓர் இழுவைக் கோடு சரிவில் இறங்கியது.

சாக்கைப் போட்டுவிட்டு மூவரும் கோட்டின் பின்னால் ஓடினார்கள். முள் கிழித்தது. கீழே ஊற்றுப் பள்ளத்தின் சேற்றில் முழங்கால் வரை புதைந்தாள் பேச்சி. காலில் ஏதோ இடித்தது. இழுத்தாள். பச்சை பூத்த செம்பு! சுருண்ட பட்டை, அதன் முனையில் தகடு! பக்கத்திலேயே இன்னொன்று!

"கிடைச்சிட்டு!"

"கத்தாத!" மல்லன் அவள் தோளை அழுத்தினார். "மேல பாரு."

குழியோரம் ஒரு பெண் யானை நின்றது. கூடவே குட்டி. தும்பிக்கையால் உப்பை அள்ளி வாயில் போட்டது. பிறகு காலால் மண்ணைப் பறித்தது. பேச்சி செல்போனில் படம் பிடித்தாள். குட்டி, தொங்கிய பட்டையைப் பிடித்து ஊஞ்சலாடியது!

"திருடன் பால்குடி மறக்கல போலிருக்கே" என்றார் மல்லன்.

தூரத்தில் இடி உருண்டது. யானைகள் மறுபக்கச் சரிவில் இறங்கின.

"தகட்ட இங்கேயே புதைப்போம்! ஊத்து ஈரம் இருக்கயில உப்பு எதுக்கு?" என்றாள் பேச்சி. மல்லன் ஆழமாகத் தோண்டினார். ஜெபசிங் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கோபுரம் வரை இழுத்துப் பிணைத்தான். உச்சியில் புது செட்டை வைத்து, ஆன்டெனா கேபிளின் உலோக உறை, செட்டின் உலோக உடம்பு, எல்லாவற்றையும் அதே பட்டையில் முடுக்கினாள் பேச்சி. மின்னல் எந்தப் பக்கம் வந்தாலும் மண்ணுக்குப் போக வழி ஒன்றே. கடைசியில் கேபிளைச் செட்டிலிருந்து பிடுங்கி வீசினாள்.

"ஓடுங்க!"

கோபுரத்தையும் பட்டையையும் விட்டு வெகுதூரம் ஓடி, ஒரு தாழ்வில் குந்தினார்கள். வானம் வெள்ளையாக வெடித்தது. கோபுரத்தின் தலையிலேயே!

மழை ஓய்ந்ததும் பேச்சி கேபிளை மாட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு!

"ஈட்டிமொட்டை பேசுது. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது! நல்லாக் கேக்குது!" என்று கீழ் முகாம் கூவியது.

செக்போஸ்டில் ரேஞ்சர் போலீசோடு நின்றார். பேச்சி செல்போனை நீட்டினாள். ஊஞ்சலாடும் திருடனைப் பார்த்துப் போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ரேஞ்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்கெல்லாம் அவருக்கு வாய் வராது.

கேட்டில் நின்ற கார்டு மட்டும் பழக்கத்தில் கை நீட்டினான். "மல்லா, பையத் திற."

பேச்சிக்கு முகம் எரிந்தது. கல்லூரி விடுதியில் ஒரு வாட்ச் தொலைந்தபோது முதலில் கவிழ்த்தது அவள் பெட்டியைத்தான். காலையில் அவளும் அதையேதான் செய்தாள்.

தன் பையைக் கார்டு முன்னால் தடாலென்று கவிழ்த்தாள். ஸ்பேனர், டேப், நசுங்கிய டிபன் டப்பா எல்லாம் உருண்டன.

"முதல்ல என்னதப் பாரு. அடுத்து ஜெபசிங்கோடது. அப்புறம் ரேஞ்சர் சாரோடது. எல்லாம் முடிஞ்சபிறகு மல்லண்ணே திறப்பாரு."

கார்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

மல்லன் பைக்குள் கை விட்டு, கிழங்கை இரண்டாகப் பிய்த்தார்.

"இந்தா தாயி. உள்ள செம்பு இல்ல, பாத்துக்க."

பேச்சி வாங்கித் தின்றாள். உப்பே இல்லை. இருந்தும் ருசித்தது.