பெயரில்லாத முதுகு

வார்டுக்குள் போகிற எல்லார் முதுகிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளைப் பாதுகாப்பு கிட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வேறு எப்படித் தெரியும்? ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சின்னத்தாயியின் கட்டிலருகே நின்ற முதுகில் பெயர் இல்லை. எந்தச் சோம்பேறி எழுதாமல் வந்தது என்று அலுத்துக்கொண்டு நர்ஸ் மோனிஷா மருந்துத் தட்டை எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அன்று மாலையே சின்னத்தாயிக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் மலையிறக்கிக் கொண்டுபோனார்கள்.

பீர்மேட்டில் பள்ளிக்கூட ஹாலைக் கொரோனா வார்டாக்கிய வருடம் அது. மோனிஷாவுக்கும் நோய் வந்து போயிருந்தது; போன பிறகும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. முட்டியில் வலி, உறக்கம் கிடையாது, காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். டாக்டர் ரஜீனா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ரத்தத்துல அழற்சி கூடுதலா இருக்கு மோனிஷா. அது மனசையும் கலக்கும். பயம் வரும், இல்லாததுகூடத் தோணும். லீவு எடுத்துக்க."

"அன்சிலா ஒத்தையில கெடந்து சாவா டாக்டர். நான் பாத்துக்கிடுதேன்."

அன்சிலா கொழிஞ்சாம்பாறை மளிகைக் கடைக்காரர் மகள், வாய் ஓயாத பெண். ஷிப்டில் அவர்கள் இரண்டே நர்ஸ்கள்தான். அந்த முதுகைப் பற்றி மோனிஷா அவளிடம் மூச்சு விடவில்லை. பயந்து ஊருக்கு ஓடிவிட்டால் வார்டை யார் பார்ப்பது? எல்லாம் ரத்தம் செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொல்லி, அதையே மாத்திரை மாதிரி விழுங்கினாள்.

அது பிறகும் வந்தது. அது நின்ற கட்டில்கள் காலியாகிக்கொண்டே போயின.

ஒருநாள் காலையில் மறுபடி ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் மோசமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட நர்ஸ் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மோசமாக வந்தால் அந்த முதுகு அவள் கண்ணில் மட்டுமே இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

அன்று பிற்பகலிலேயே மூடுபனி வந்து ஹால் ஜன்னல்களை அடைத்தது. ப்ளீச்சிங் பவுடர் நெடி, ஆக்சிஜன் புட்டிகளில் ஓயாத புடுபுடுப்பு, கிட்டுக்குள் திரும்பத் திரும்பத் தன் முகத்திலேயே அடிக்கும் தன் மூச்சுச் சூடு, இவற்றுக்கு நடுவே நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மோனிஷா கட்டிலுக்குக் கட்டில் நடந்தாள். தூரத்தில் அன்சிலா குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒட்டியபடி, அது. கட்டிலைப் பார்க்கவில்லை. அன்சிலாவைப் பார்த்தது.

கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை.

ரத்தம். வெறும் ரத்தம்.

ஷிப்ட் முடிந்தும் மோனிஷா வார்டை விட்டு வர அரை மணி நேரமானது. கிட்டைத் தனியாகக் கழற்றக் கூடாது. ஒருவருக்கு இன்னொருவர் கழற்றிவிட வேண்டும். கழற்றுகிற அறைக்குள் மோனிஷா நுழைந்தபோது அன்சிலா முதுகைக் காட்டித் தயாராக நின்றிருந்தாள். முதுகில் அவள் பெயர். மோனிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மொத ஒனக்குக் கழட்டிவிடுதேன், நில்லு."

கழுத்து டேப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். அன்சிலா பேசவில்லை. அன்சிலாவா பேசாமல் இருப்பாள்? கை அந்தப் பெயரில் உரசியது. கையுறையில் கறுப்பு.

மை ஈரம்.

காலையில் எழுதிய பெயர்.

வெளிக்கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்கக்கா, இன்னும் உள்ளயா இருக்கறீங்க?" அன்சிலாவின் குரல். "உங்களைக் காணமேன்னு கூட்டற அழகுத்தாயக்காவக் கழட்டிவிடச் சொல்லி நான் குளிச்சே முடிச்சுட்டனுங்க. டாக்டர் போன் பண்ணுனாங்க. உங்க ரத்தம் சுத்தமா நார்மலாமுங்க! அழற்சி துளிகூட இல்லையாமா!"

மோனிஷாவின் விரல்கள் டேப்பிலேயே இருந்தன.

முன்னால் நின்றது, மீதியையும் பிரிக்க வசதியாக, தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டியது. பிரிந்த டேப்பின் இடுக்கிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.